போகியில் எரிந்த ஃப்ளாப்பி

மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு மருந்துக் கடையின் மாடியிலிருந்து வாரம் ஒருமுறை வெளிவந்த இலவசப் பத்திரிகையில், தொண்ணூறுகளின் நடுவில் சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்தேன். ஆசிரியர் என்பது முதலாளி கொடுத்த பட்டம். நான் செய்தது வேறு. மனை விளம்பரங்களை எல்லாம் பக்கத்தில் வைத்தபிறகு மிஞ்சும் சந்துகளில் ஊர்ச் செய்தியை அடைப்பது. அதற்குமுன் நகரத்தில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். அதை மூடிவிட்டார்கள். வீடு செம்பாக்கத்தில். சைக்கிளில் போய்வரும் தூரத்தில் வேறு யாரும் எழுத்துக்குச் சம்பளம் கொடுப்பதாக இல்லை.

முதலாளி அந்தப் பக்கத்துப் பழைய விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அப்பா நெல் விளைவித்த இடங்களில் மகன் கல் நட்டு மனை விற்றார். நோட்டீஸ் கொடுத்தால் ஜனங்கள் தெருவிலேயே கசக்கிப் போடுகிறார்கள், பத்திரிகை என்றால் வீட்டுக்குள் எடுத்துப் போகிறார்கள் என்று அவர் கண்டுபிடித்திருந்தார். பத்திரிகை தோன்றியதன் முழு வரலாறு அவ்வளவுதான். தாம் வெளியிட்ட இதழ்களில் ஒன்றையாவது அவர் முழுதாகப் படித்து நான் பார்த்ததில்லை. விளம்பரம் எந்தப் பக்கத்தில், எவ்வளவு உயரத்தில் வந்திருக்கிறது என்று விரற்கடையால் அளந்து பார்ப்பார். அளந்ததும் மடித்து வைத்துவிடுவார்.

கம்ப்யூட்டரில் பக்கம் கட்டியது ஒரு பெண். முப்பதை ஒட்டிய வயது. கணவருக்கு வேலை கொடுத்திருந்த குரோம்பேட்டைத் தொழிற்சாலை கதவடைப்பில் கிடந்தது. வீட்டில் இரண்டு குழந்தைகள். அடுப்பு அந்தப் பெண்ணின் சம்பளத்தில் எரிந்தது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். அவர் பேசும் தொனியிலேயே அது தெரிந்திருப்பது தெரியும்.

கம்ப்யூட்டருக்குள் இருந்த ஹார்ட் டிஸ்க் நிறைந்துபோனதால் வெளியே இரண்டு டிரைவ் வாங்கி மாட்டியிருந்தார்கள். டிபன் பாக்ஸ் அளவு, சாம்பல் நிறம், செங்கல் கனம். பிரிண்டர் செருகும் இடத்தில் முதல் டிரைவைச் செருகி, அதன் முதுகில் அடுத்ததைச் செருகி, அதற்கும் பின்னால் பிரிண்டரைச் செருக வேண்டும். பழைய விளம்பரங்கள், மனைப்பிரிவு வரைபடங்கள், பக்கங்களுக்கான வெற்றுச் சட்டங்கள், தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் அந்த இரண்டு பெட்டிகளில்தான் இருந்தன. இப்படி வெளியே தொங்கும் ஒன்றைக் கம்ப்யூட்டர் தானாக அடையாளம் கண்டுகொள்ளாது. அதை அறிமுகம் செய்துவைக்க ஒரு சின்ன புரோகிராம் தேவை. அது டிரைவோடு ஒரு ஃப்ளாப்பியில் வந்தது. ஒருமுறை ஏற்றிவைத்தார்கள், பிறகு யாரும் அதை நினைக்கவில்லை. டிரைவ்கள் வேலை செய்தன. வேலை செய்கிற பொருளுக்கு அந்த மாடியில் எந்த மரியாதையும் கிடையாது.

தொல்லை முதலாளியின் ஆடிட்டர் வீட்டில் ஆரம்பித்தது. அங்கே கம்ப்யூட்டரில் நீல வானமும் மேகமும் தெரிந்ததாம். மூலையில் இருந்த பட்டனை அழுத்தினால் பட்டியல் எழும்பி வந்ததாம். எங்களுடையது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. அதில் கட்டளையைத் தட்டித்தான் எதையும் திறக்க வேண்டும். முதலாளி மறுநாள் வந்து எங்கள் திரையைச் சற்றுநேரம் பார்த்தார். "இத்தினி செலவு பண்ணியும் இருட்டுல குந்திக்கினு வேலை செய்றாப்பல கீதே" என்றார். அந்த வாரமே புதிய சிஸ்டம் போடுவதாக முடிவாயிற்று.

போடப்போகிறவன் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. ஏதோ ஒரு மாடியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தான். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு எங்கள் அலுவலகத்தில் மாட்டியிருந்தார்கள். அவன் வீட்டில் மாட்ட இடமில்லாமல் இல்லை. இங்கேதான் நாலு பேர் பார்ப்பார்கள். "இனிமே மவுஸ்லயே எல்லாம் மாமா, டைப்பே பண்ண வேணாம்" என்று அவன் சொன்னபோது முதலாளியின் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியைக் கவனித்தேன். யாரும் எதையும் எழுத வேண்டியில்லாத பத்திரிகை. அவர் வெகுநாளாகத் தேடியது அதுதான்.

நேரமும் தோதாக மார்கழிக் கடைசி. தை பிறந்து நல்ல நாளில் ஆரம்பிக்கலாம் என்றார் சேலையூர் ஜோசியர். அதற்குமுன் போகி வந்தது. முதலாளி அலுவலகத்திலும் போகி கொண்டாடச் சொன்னார். கிழிந்த பாய், உடைந்த நாற்காலி, அச்சுக்கு அனுப்பப் பக்கத்தை எடுத்த பழைய பட்டர் ஷீட் பிரிண்டுகளோடு, மேசை இழுப்பறையில் இருந்த பழைய ஃப்ளாப்பிகளையும் மச்சான் ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு இறங்கினான். எது என்ன என்று பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம் என்று அந்தப் பெண் சொன்னதாகப் பிறகு தெரிந்தது. புதுசு வரும்போது பழசு எதற்கு என்று பதில் வந்ததாம். பிளாஸ்டிக் எரிந்த புகை தெருவில் காலை முழுவதும் நின்றது. மருந்துக் கடைக்காரர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வியாபாரம் பார்த்தார். டிரைவோடு வந்த ஃப்ளாப்பி அந்தப் புகையில் போயிற்று.

பொங்கல் முடிந்த வெள்ளிக்கிழமை காலை. பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் சிஸ்டம் ஏறியாக வேண்டும். மாலை கட்டி வருகிறவன் தாமதம் செய்ததால் ஆரம்பமே தள்ளிப்போனது. கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், மல்லிகைச் சரம். தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார்கள். டிரைவில் இருப்பதை முதலில் வேறு எதிலாவது காப்பி எடுத்துக்கொள்ளலாமா என்று அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அதெல்லாம் அதுவே பாத்துக்கும்க்கா, நியூ சிஸ்டம்" என்றான் மச்சான். புதியதற்கு இடம் போதவில்லை என்று திரை சொன்னதும், உள்ளே இருந்த பழைய டைரக்டரிகளைப் பெயர்கூடப் படிக்காமல் அழித்தான். டிரைவை அறிமுகம் செய்துவைத்த புரோகிராமும் அதோடு போயிற்று.

பாதியில் திரையில் ஒரு கேள்வி வந்தது. மச்சானுக்கு ஆங்கிலம் அவசரத்தில் வராது. என்னைக் கூப்பிட்டார்கள். புதியது பிடிக்காமல் பிறகு பழையதற்கே திரும்ப நினைத்தால் உதவும்படி, பழைய சிஸ்டத்தின் பைல்களைச் சேமித்து வைக்கட்டுமா என்று கேட்கிறது என்று சொன்னேன். ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும்.

முதலாளிக்கு முகம் மாறிவிட்டது. "நல்ல காரியம் ஆரம்பிக்க சொல்லோ திரும்பிப் போற பேச்சு இன்னாத்துக்கு? அபசகுனமா கேக்குது பாரு. இல்லன்னு தட்டு மச்சான்."

தட்டினான். எனக்குத் தெரிந்து உலகத்தில் எந்தத் தொழிலிலும் அந்தக் கேள்விக்கு அந்தக் காரணத்துக்காக அந்தப் பதிலைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அதை எழுதிய வெளிநாட்டுக்காரன், மனிதன் தவறு செய்வான் என்று எதிர்பார்த்து ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தான். பயணம் கிளம்புகிறவனைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்டாலே உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற ஊர் இது என்பது அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

வானமும் மேகமும் வந்தன. கைதட்டினார்கள். சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். பக்கம் கட்ட உட்கார்ந்த அந்தப் பெண் மவுஸைக் கொஞ்சநேரம் நகர்த்திவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தார். டிரைவ் இரண்டும் இல்லை. மேசைமேல் இருந்தன, பச்சை விளக்கு எரிந்தது, உள்ளே சுழலும் சத்தம்கூடக் கேட்டது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அவை இல்லை.

அடுத்த இரண்டு நாளும் மச்சான் வைத்தியம் பார்த்தான். அணைத்துப் போட்டான். கேபிளைக் கழற்றி வாயால் ஊதிச் செருகினான். டிரைவைத் தட்டிப் பார்த்தான். கடைசியில் வைரஸ் என்றான். பக்கம் கட்டுகிற அக்கா வெளியிலிருந்து வருகிற ஃப்ளாப்பிகளை எல்லாம் போடுகிறார், அதனால் வந்தது என்றான். தெரியாத நோய்க்கு ஒரு பெயரும் தெரிந்த ஆளும் கிடைத்துவிட்டால் விசாரணை முடிந்தது. செய்தி அறையிலும் இதைப் பார்த்திருக்கிறேன், காவல் நிலையத்திலும் பார்த்திருக்கிறேன்.

அந்த வார இதழுக்கு முக்கியமானது கூடுவாஞ்சேரியில் முதலாளி போட்ட புது மனைப்பிரிவு. ஞாயிற்றுக்கிழமை திறப்பு. மனை எண், தெரு, பூங்கா என்று ஒதுக்கிய மூலை எல்லாம் போட்டு அந்தப் பெண் பல வாரம் உட்கார்ந்து வரைந்த முழுப்பக்க வரைபடம் டிரைவுக்குள் இருந்தது. திங்கள்கிழமை முதலாளி அவரைக் கூப்பிட்டார். நானும் அறையில் இருந்தேன்.

"இன்னாம்மா, பொருளு உன் பொறுப்புலதானே இருந்துது?"

"ஆமா சார். ஆனா புது சிஸ்டம் போட்டப்புறம்தான்..."

"அத்த வுடு. வியாயக்கெயமை பேப்பர் வரணும். கூடுவாஞ்சேரி ப்ளானு அதுல வரணும். வர்லன்னா நீ வேற எடம் பாத்துக்க."

அந்தப் பெண் சரி சார் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார். தம் மேசையில் உட்கார்ந்து அந்த இரண்டு சாம்பல் பெட்டிகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் வரைந்துவிட முடியாதா என்று கேட்டேன். அளவெல்லாம் உள்ளேதான் இருக்கிறது, எழுத்துருவும் உள்ளேதான் என்றார். மச்சான் பக்கத்து மேசையில், கணக்கு எழுதும் கம்ப்யூட்டரிலும் ஏற்றியிருந்த புதிய சிஸ்டத்தோடு வந்த சீட்டாட்டத்தை ஆடிக்கொண்டிருந்தான். அது மட்டும் குறையில்லாமல் வேலை செய்தது.

டிரைவ் விற்ற கடைக்குப் போன் செய்தோம். டை கட்டிய ஒருவர் வந்தார். பெட்டிகளைத் தொடவே இல்லை. தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, இந்த மாடலுக்குச் சப்போர்ட் நிறுத்திவிட்டார்கள், புதிய மாடல் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். வாங்கும்போது காலத்துக்கும் உழைக்கும் என்று இதே கடையில்தான் சொன்னார்கள் என்றேன். உழைக்கத்தான் செய்கிறது சார், சிஸ்டம்தான் ஏற்றுக்கொள்ளவில்லை என்றார். சரி, உள்ளே இருப்பதை எப்படி எடுப்பது?

"அதை நீங்க அப்கிரேடுக்கு முன்னாடியே எடுத்திருக்கணும் சார்."

இந்த வாக்கியத்தை அவர் ஒரு நாளைக்குப் பலமுறை சொல்லிப் பழகியிருக்க வேண்டும். அவ்வளவு வழுவழுப்பு. தம் பையிலிருந்து வண்ணத் தாளில் அச்சடித்த விலைப்பட்டியலை எடுத்து வைத்துவிட்டுப் போனார். எங்கள் முதலாளி செய்ததை நான் மடமை என்று எண்ணியிருந்தேன். அந்த மனிதர் போனபிறகு கொஞ்சம் திருத்திக்கொண்டேன். வருஷத்துக்கு ஒருமுறை வீட்டுக் குப்பையைக் கொளுத்துவதற்கு நாம் பண்டிகை என்று பெயர் வைத்திருக்கிறோம். நல்ல நிலையில் இருப்பதைக் கொளுத்தவைக்கும் பண்டிகையைச் சிஸ்டம் செய்கிற வெளிநாட்டுக்காரர்கள் நினைத்தபோதெல்லாம் கடல் தாண்டி அனுப்புகிறார்கள், அதற்குக் காசும் வாங்கிக்கொள்கிறார்கள். முதலாளி போன்றவர்கள் இரண்டையும் கொண்டாடுகிறார்கள்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது, பெரிய யோசனை ஒன்றுமில்லை. சிஸ்டத்தை மாற்றாதவர் யாராவது இருந்தால் அவரிடம் டிரைவைக் கொண்டுபோய்ச் செருகலாம். கோவிலம்பாக்கத்தில் ஒரு பாய் அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், நோட்டீஸ் அடிப்பவர். எங்களோடு அதே கடையில் அதே மாதிரி டிரைவ் வாங்கியவர். தமிழ் எழுத்துரு ஒன்றைக் கேட்டு ஒருமுறை எங்கள் மாடிக்கும் வந்திருக்கிறார். முதலாளியிடம் சொன்னேன்.

"யாரு, எம் பங்காளிக்கு நோட்டீஸ் அடிக்கிறானே அவனா? என் ப்ளானு அவன் எடத்துல தொறக்கறதா? அதுக்கு அது செத்தே கெடக்கட்டும்."

பங்காளி என்றது பெரியப்பா மகனை. அவரும் மனைதான் விற்றார். ஒரு வரப்புத் தகராறில் இரண்டு குடும்பமும் பேசுவதில்லை. அந்த வரப்பு இருந்த இடத்தில் அப்போது தார்ச்சாலை போட்டு, இரண்டு பக்கமும் வீடு வந்துவிட்டது. வரப்பு போனாலும் பகை போகவில்லை. மூன்று நாளில் ஊர் முழுக்க இலவசமாகக் கொடுக்கப்போகிற வரைபடத்தை எதிரி முன்கூட்டிப் பார்த்துவிடுவான் என்பது அவருடைய அச்சம். அதற்காக ஒரு குடும்பத்தின் சம்பளம் போனால் போகட்டும். இதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அளவுக்கு அது அவர் மனத்தில் இடம் பிடித்திருக்காது.

செவ்வாய்க்கிழமை முதலாளி கூடுவாஞ்சேரிக்குப் பந்தல் பார்க்கப் போனார். மச்சானும் ஜீப்பில் ஏறிக்கொண்டான். அவர்கள் தெரு முனை திரும்பியதும் அந்தப் பெண் எழுந்து, சாப்பாட்டுக் கூடையைக் காலி செய்து, ஒரு டிரைவைத் துண்டில் சுற்றி அதற்குள் வைத்தார். நானாகக் கூடப் போனேன். மேடவாக்கம் வழியாகப் போகிற பஸ். கூட்டம் அதிகம். கூடையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்திலும் அதைக் கைக்குழந்தையைப் போல அணைத்துப் பிடித்தார்.

பாய் எங்களை உட்காரவைத்துக் கதையைக் கேட்டார். இடையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏன், பழசு ஓடலியா?"

"ஓடுச்சு பாய்" என்றார் அந்தப் பெண்.

"ஓடுறத ஏம்மா மாத்தினீங்க?"

அந்தப் பெண் கூடையிலிருந்து டிரைவை எடுத்துத் துண்டைப் பிரித்தார். "இந்தப் பேஜாருக்குத்தான் நான் எதையும் தொடுறதே இல்ல சார்" என்று பாய் என்னிடம் சொல்லிவிட்டு, தம் டிரைவைக் கழற்றி அந்த இடத்தில் எங்களுடையதைச் செருகினார். கறுப்புத் திரை வந்தது. அந்தப் பெண் கட்டளையைத் தட்டினார். பைல்களின் பெயர்கள் வரிசையாக மேலே ஓடின. கூடுவாஞ்சேரி இருந்தது.

பாயிடம் அவருடைய டிரைவோடு வந்த ஃப்ளாப்பி பத்திரமாக இருந்தது. அவர் அதைப் பாதுகாத்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. இருந்த இடத்திலிருந்து யாரும் எடுக்கவில்லை, அவ்வளவுதான். அதையும் பழைய சிஸ்டத்தையும் ஒரே ஃப்ளாப்பியில் சேர்த்து ஒரு காப்பி போட்டுக் கொடுத்தார். இதைச் செருகிக் கம்ப்யூட்டரைப் போட்டால் பழைய மாதிரி கறுப்பாக எழுந்திருக்கும், டிரைவ் இரண்டும் தெரியும், வேண்டியதை உள்ளே காப்பி செய்துகொண்டு, ஃப்ளாப்பியை எடுத்துவிட்டு மறுபடி போட்டால் வானமும் மேகமும் வரும். வழி அவ்வளவுதான். புறப்படும்போது, தம்மிடம் டைப் செய்ய ஓர் ஆள் தேவைப்படுகிறது, சம்பளம் அங்கே கொடுப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்று தயக்கத்தோடு சொன்னார். அந்தப் பெண் சிரித்து, வீடு தாம்பரத்தில் இருக்கிறது பாய் என்று சொல்லித் தட்டிக்கழித்தார்.

புதன்கிழமை அவர் மற்றவர்களுக்கு முன்பே வந்து காரியத்தை முடித்திருந்தார். முதலாளி படியேறி வந்தபோது திரையில் கூடுவாஞ்சேரி வரைபடம் விரிந்திருந்தது. அவர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பவே இல்லை. பின்னால் வந்த மச்சானின் தோளில் தட்டினார். "எனக்குத் தெரியும், என் மச்சான் சரி பண்ணிடுவான்னு."

மச்சான் திரையைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு கணம் உண்மையான திகைப்பு இருந்தது. அந்த ஒரு கணம் அவனை மனிதனாக மதித்தேன். பிறகு அவன், "ஒரு சின்ன செட்டிங்தான் மாமா" என்றான்.

உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று அன்று மாலை அந்தப் பெண்ணைக் கேட்டேன். "விடுங்க சார். பாய்கிட்ட போனேன்னு தெரிஞ்சா அதுக்கு வேற கத்துவாரு. எனக்கு வேலை இருந்தா போதும்" என்றார். இதழ் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பந்தலில் மனைகள் விற்றுப்போயின. மச்சானுக்குக் கைக்கடிகாரம் கிடைத்தது.

அதன்பிறகு வாரத்துக்கு ஒருநாள் அந்தப் பெண் சீக்கிரம் வருவார். கைப்பையிலிருந்து ஃப்ளாப்பியை எடுப்பார், கறுப்புத் திரையில் அந்த வாரத்துக்குத் தேவையானதை உள்ளே ஏற்றுவார், ஃப்ளாப்பியைப் பைக்குள் வைப்பார். மற்றவர்கள் வரும்போது எல்லாம் நீல வானத்தின் கீழ் தயாராக இருக்கும். பெட்டிகள் இரண்டும் சரியாகிவிட்டன என்றே மாடி முழுவதும் நம்பியது. முதலாளி வருகிறவர்களுக்கு எல்லாம் காட்டினார். பட்டனை அழுத்தினால் விளம்பரம் வருகிறது, மெஷினே செய்துவிடுகிறது என்றார்.

வெயில் காலம் வந்தது. மெஷினே செய்துவிடுகிறது என்று மூன்று மாதம் சொல்லிக்கொண்டிருந்தவர், அப்படியானால் ஆள் எதற்கு என்று ஒருநாள் யோசித்துவிட்டார். அந்த ஒரு தடவைதான் அவருடைய தர்க்கத்தில் குறை சொல்ல முடியவில்லை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, அடுத்த வாரத்திலிருந்து மச்சானே பார்த்துக்கொள்வான் என்றார். குற்றம் ஒன்றும் இல்லை, நல்ல பெண், எங்கு கேட்டாலும் நல்லபடியாகச் சொல்வேன் என்றார். வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வாயை மூடியிருந்ததில் அந்த வேலை போயிற்று.

அவர் மேசையை ஒழுங்குபடுத்திவிட்டு, கைப்பையிலிருந்து ஃப்ளாப்பியை எடுத்து மச்சானிடம் கொடுத்தார். எடுத்துக்கொண்டே போய்விடுவார் என்று நான் நினைத்தேன். அவருடைய இடத்தில் நான் இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன்.

"இதைப் போட்டு ஆன் பண்ணாத்தான் டிரைவ் தெரியும் தம்பி. ஸ்கிரீன் கறுப்பா வரும். பயப்படாதீங்க."

"நான் எதுக்குக்கா பயப்படணும்" என்று அவன் சிரித்தான். சீட்டாட்டத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை அவனுக்கு விளம்பரங்கள் கிடைக்கவில்லை. மேசையில் கிடந்த ஃப்ளாப்பி நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அதைச் செருகிக் கம்ப்யூட்டரைப் போட்டான். பீப் என்று ஒரு சத்தம். கறுப்புத் திரை. ஆங்கிலத்தில் நாலு வரி. நான் என் மேசையிலிருந்து எழுந்து போவதற்குள் அவன் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டான். ஃப்ளாப்பியைப் பிடுங்கிக்கொண்டுபோய்க் கணக்கு எழுதும் கம்ப்யூட்டரில் போட்டான். வைரஸ் இருந்தது, ஃபார்மட் செய்து சுத்தமாக்கிவிட்டேன் என்று திரும்பி வந்து அறிவித்தான். அவன் ஒழுங்காகச் செய்து முடித்த ஒரே வேலை அது. ஃப்ளாப்பியில் ஒன்றும் மிச்சமில்லை.

மதியத்துக்குள் முதலாளிக்கு விஷயம் போய்விட்டது. டிரைவ் தெரியவில்லை என்று மச்சான் சொன்னதும் அவர் கொஞ்சம்கூடக் கோபப்படவில்லை. அன்றைக்குச் செய்தாயே, அதையே செய் என்றார். அவன் தரையைப் பார்த்தான்.

"அன்னிக்கு எப்பிடிரா தொறந்த?"

அவர் என் பக்கம் திரும்பினார். கோவிலம்பாக்கத்தில் திறந்தது, அந்தப் பெண் கொண்டுபோனார், நானும் போனேன் என்றேன். தலைப்பை வாசிப்பதுபோல் அதற்குமேல் ஒரு சொல் சேர்க்காமல் சொன்னேன். என்னையும் போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். வியாழக்கிழமை இதழ் வராவிட்டால் எத்தனை பேரிடம் வாங்கிய விளம்பரத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தது முகத்தில் தெரிந்தது.

"அந்தப் பொண்ணு இப்ப எங்க கீது?"

"பாய் அச்சகத்துலதான். திங்கக்கிழமை சேந்துட்டாங்க" என்றேன்.

ஜீப்பில் போனோம். இரண்டு டிரைவையும் அவர் யாரிடமும் கொடுக்காமல் தம் மடியிலேயே வைத்துக்கொண்டார். அச்சகத்தின் வாசலில் பங்காளியின் நோட்டீஸ்கள் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தன. பாய் எழுந்து, வாங்க சார் என்று ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அந்த மரியாதை முதலாளிக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

உள்ளே அந்தப் பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு தம்பதி, மகளின் கல்யாணப் பத்திரிகைக்கு உறவினர் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தாய்மாமன் பெயர் முதலில் வரவேண்டுமா, சித்தப்பா பெயரா என்று அவர்களுக்குள் இன்னும் தீரவில்லை. அந்தப் பெண் திரும்பி முதலாளியையும், மடியில் இருந்த பெட்டிகளையும் பார்த்தார்.

"உக்காருங்க சார். இவங்களது முடிச்சிட்டு உங்களதைப் போடறேன்."

முதலாளி ஸ்டூலில் உட்கார்ந்தார். தாய்மாமன் விவகாரம் முடிவதாகத் தெரியவில்லை. மின்விசிறி காற்றில் பங்காளியின் நோட்டீஸ் ஒன்று பறந்து வந்து அவர் காலடியில் விழுந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அதை எடுத்தார். விரற்கடையால் அளக்கவில்லை. மேலிருந்து கீழ்வரை படித்தார்.